மருத்துவச்சி ஆகப் போகிறேன்

தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பை முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்யும்போது ஒரு பெண்ணுக்கு ஒன்றல்ல, இரண்டு தகுதிகள் கிடைக்கின்றன: பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற மருத்துவச்சி. பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று இரண்டும் சேர்ந்தே வரும். முதல் தகுதியை நம்பித்தான் வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள். வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் வழி திறப்பது அதுதான். இரண்டாவது தகுதி சான்றிதழில் இருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தன் வாழ்நாள் தொழிலாக நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

அந்த மிகச் சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மத்திய அரசு 2018 டிசம்பரில் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஏற்கெனவே பதிவுபெற்று, பிரசவம் பார்த்த அனுபவமும் உள்ள செவிலியர்கள் மேலும் பதினெட்டு மாதம் படித்து, சிக்கலில்லாத பிரசவங்களைத் தங்கள் பொறுப்பிலேயே நடத்தும் தேர்ச்சி பெறலாம் என்றது அது. உலக மருத்துவச்சிகள் கூட்டமைப்பு வகுத்த தகுதிகளுக்கு இணையான பயிற்சி. அதற்குப் பெயர் கொடுக்கும் பெண் வீட்டில் சொல்லும்போது என்ன பதில் வரும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. “இவ்வளவு படிச்சிட்டு ஆயா வேலைக்குப் போறியா?”

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் நம் ஊரின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

தேர்ந்தெடுக்காதவர்கள்

நம் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். பல இடங்களில் தலித் பெண்களும் பார்த்தார்கள். யாரும் அவர்களிடம் விருப்பம் கேட்கவில்லை. மாமியார் பார்த்தார், அதனால் மருமகள் பார்த்தார். குழந்தை பிறந்த வீடு தீட்டு, தொப்புள்கொடியை அறுத்த கைக்கும் தீட்டு. நள்ளிரவில் ஓடி வந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்குக் கூலி சில படி நெல்லும் ஒரு பழைய புடவையும். அதே வீட்டுத் திண்ணையில் மறுநாள் அவர் உட்கார முடியாது.

அந்தப் பெண்களின் கையில் அனுபவம் இருந்தது. வயிற்றைத் தொட்டே தலை எந்தப் பக்கம் என்று சொன்னார்கள். வலியில் தவிக்கும் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைக்காமல் நடக்க வைத்தார்கள், குத்தவைத்து உட்கார வைத்தார்கள், இடுப்பைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் உதிரம் நிற்காமல் போனால் அவர்களிடம் மருந்தில்லை. வலிப்பு வந்தால் வழியில்லை. கிருமி எது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இல்லை. பழைய மருத்துவச்சியைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் தலைப்பிரசவத்தில் செத்துப்போன எத்தனையோ பெண்களை மறந்துவிடுகிறார்கள். அவரை இகழ்ந்து எழுதுகிறவர்களோ, அவருக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்காமலே எல்லாப் பொறுப்பையும் அவர் தலையில் வைத்த ஊரை மறந்துவிடுகிறார்கள்.

பயிற்சி கொடுக்கும் முயற்சிகள் நம் பக்கத்தில் மிக முன்பே தொடங்கின. சென்னையில் 1844-இல் ஆரம்பமான பிரசவ மருத்துவமனைதான் இன்றைய எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை. 1854-இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. 1857-இல் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் ‘பிரசவ வைத்தியம்’ என்ற பாடநூலையே தமிழில் கொண்டுவந்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு வருத்தமும் வருகிறது. இன்று நம் செவிலியர் படிக்கும் பிரசவப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அவர் தேற்ற வேண்டிய பெண் பேசுவதோ தமிழ்.

இந்தப் படிப்பைத் தானாகத் தேடிப் போன ஒருவரின் கதை சென்னையிலேயே இருக்கிறது. வழக்கறிஞரின் மனைவியாக 1866-இல் இங்கே வந்தவர் மேரி ஷார்லிப். அந்நிய ஆண் தங்களைத் தொடக் கூடாது என்பதால் வைத்தியமே பார்க்காமல் செத்துப்போகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். உடனே மருத்துவர் ஆகிவிடவில்லை. முதலில் அந்தப் பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சிக்குப் போனார். பிள்ளைகளைப் பெற்ற தாயாக இருந்துகொண்டே போனார். பிறகுதான், 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண்களில் ஒருவரானார். 1885-இல் அவர் முயற்சியால் தொடங்கிய மருத்துவமனையைத்தான் திருவல்லிக்கேணியில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்கிறோம். அதன் இன்றைய பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஷார்லிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. அதே ஊரில் அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்த பெண்களுக்கு அது இல்லை. இன்று ஒரு செவிலியர், சாதி தள்ளிவிடாமல், தன் விருப்பத்தால் இந்தத் தொழிலுக்கு வருகிறார் என்பதைச் சாதாரணச் செய்தியாக என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கே தொலைந்தார்

சுதந்திரத்துக்குப் பின் கிராமத்துக்கு ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் வந்தார். அவருடைய பதவிப் பெயரிலேயே மருத்துவச்சி இருந்தார். தொடக்கத்தில் பிரசவம் பார்ப்பதே முதல் வேலை. எழுபதுகளில் நிலைமை மாறியது. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு, தடுப்பூசி, பதிவேடுகள், கணக்கெடுப்பு என்று எல்லாம் அவர் தோளில் ஏறின. 1973-இல் கர்த்தார் சிங் குழு அவரைப் பல்நோக்குப் பணியாளர் ஆக்கப் பரிந்துரைத்தது. படிப்புக் காலமும் சுருங்கியது. பல நோக்கில் ஒன்றாகிப்போன பிரசவம் மெல்ல அவர் கையைவிட்டே போய்விட்டது. நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இன்று கர்ப்பிணியைப் பதிவு செய்வது முதல் தடுப்பூசி வரை ஓயாமல் உழைக்கிறார்கள். வலி வந்தபின் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போனது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கும்படி மூன்று பேரை நியமித்தது நம் மாநிலம். பெருவாரியான இயல்பான பிரசவங்களைப் பார்ப்பது அந்தச் செவிலியர்கள்தான். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. பெரிய சாதனை.

அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 குழந்தைகள் அறுவைசிகிச்சையில் பிறக்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் 63.8. நாட்டுச் சராசரி 21.5. சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை; வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நம் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வேண்டியிருக்கிறது என்று எந்த மகப்பேறு நூலும் சொல்லவில்லை.

காரணங்கள் பல. நல்ல நேரம் பார்க்கும் குடும்பம், வலி பற்றிய பயம், தாமதித்தால் வழக்கு வந்துவிடுமோ என்ற மருத்துவரின் அச்சம், தனியாரில் பணம். எல்லாருக்கும் தெரிந்தவை. குறைவாகப் பேசப்படும் காரணம் ஒன்று உண்டு: காத்திருக்க ஆள் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அவ்வளவு நேரமும் ஒரு மகப்பேறு மருத்துவர் ஒரே கட்டிலருகே உட்கார முடியாது, அவர் படித்ததும் அதற்காக அல்ல. வார்டில் இருக்கும் இரண்டு செவிலியருக்கு எட்டுக் கட்டில், ஊசி, கேஸ் ஷீட், போன். வலியில் இருக்கும் பெண் தனியாகக் கிடக்கிறார். யாரோ வந்து கையுறை மாட்டி, “ரெண்டு விரல்தான் திறந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கத்தினால் வசவு. அந்த வசவுகளில் சிலவற்றை இங்கே அச்சிட முடியாது. பிள்ளை பெற்ற பெண்கள் அவற்றை ஆயுளுக்கும் மறப்பதில்லை. இந்தக் காலி இடத்துக்குத்தான் மருத்துவச்சி படிக்க வருகிறார்.

படிப்பது என்ன

கையில் தொடங்குகிறது படிப்பு. இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் மேல் வைத்து மேலே இருப்பது தலையா பிட்டமா, முதுகு எந்தப் பக்கம், தலை இடுப்பெலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அறிய வேண்டும். ஸ்கேன் வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஸ்கேன் எடுத்தது போன வாரம். குழந்தை திரும்புவது இன்று ராத்திரி.

அடுத்து காது. குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டும். வலி கூடிய முதல் கட்டத்தில் கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும், அதுவும் சுருங்கி விரியும் வலியோடு ஒப்பிட்டு. வலி ஓய்ந்த பிறகும் துடிப்பு ஏறவில்லை என்றால் அது எச்சரிக்கை. எட்டுக் கட்டிலுக்கு ஒருவர் இருந்தால் இதைச் செய்யவே முடியாது என்பதைச் சாதாரணக் கணக்கே சொல்லும்.

மூன்றாவதாக, எல்லாவற்றையும்விடக் கடினமாக, எப்போது கையை வைக்கக் கூடாது என்று கற்பது. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்பது பல காலம் வேதவாக்காக இருந்தது. அப்படித் திறக்காவிட்டால் ஊசி போட்டு வலியைக் கூட்டு, பிறகும் நகராவிட்டால் தியேட்டர். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த விதியைக் கைவிடச் சொன்னது. ஆரோக்கியமான பல பெண்களுக்கு அதைவிட மெதுவாகத்தான் திறக்கும், 5 செ.மீ. வந்த பின்பே வேகம் பிடிக்கும் என்றது. தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை மெதுவாகப் போவது மட்டுமே தலையிடக் காரணமாகாது. தலைப்பிரசவம் என்றாலே ஒரு வெட்டு, ஒரு தையல் என்ற பழக்கத்தையும் அதே வழிகாட்டல் தள்ளுபடி செய்தது. கூடவே, பெண் விரும்பும் ஒருவர் துணையிருக்கட்டும், விரும்பிய நிலையில் உட்காரட்டும், நடக்கட்டும் என்றது. நம் பாட்டிமார் இதை வழிகாட்டல் இல்லாமலே செய்தார்கள். இப்போது அதற்கு ஆராய்ச்சிச் சான்றும் கிடைத்திருக்கிறது.

சும்மா காத்திருந்தால் யாரும் மருத்துவச்சி ஆகிவிட முடியாது. குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் தாயின் இரு தொடைகளையும் வயிற்றை நோக்கி மடக்கி வழி உண்டாக்கச் சில நிமிடங்களே உண்டு. பிறந்த குழந்தை அழாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் துடைத்து, தூண்டி, தேவையானால் முகமூடி வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறிக் கண் மங்குகிறது என்றால் மக்னீசியம் சல்பேட். இவையெல்லாம் பொம்மையில் நூறு தடவை செய்து பார்த்த பிறகே கை பதறாமல் வரும்.

ரத்தப்போக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரசவத்தில் தாய்மாரைக் கொல்வதில் அதற்கே முதலிடம். குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் ஊசி, பிறகு நஞ்சுக்கொடியைக் கவனமாக வெளியே எடுப்பது, கருப்பை கல்லாக இறுகியிருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. இவ்வளவும் பாடத்தில் பல காலமாக உண்டு. ஆனால் போன ரத்தம் எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறோம். புடவையும் பஞ்சும் ஏமாற்றிவிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பெண்ணின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் கருப்பையைப் பிசைவது, மருந்து, குளுக்கோஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க ஒருவர் வேண்டும்.

சோதித்துப் பார்த்தவர்கள்

தெலங்கானாவை எடுத்துக்கொள்வோம். அதே 2019-21 குடும்பநல ஆய்வில் சிசேரியனில் நாட்டிலேயே முதலிடம் அந்த மாநிலத்துக்கு: 60.7 சதவீதம், தனியாரில் 81.5. அப்படிப்பட்ட ஊரில்தான் மருத்துவச்சிப் பயிற்சி வேர்விட்டது. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-இலேயே தன் செவிலியரை மருத்துவச்சிகளாகப் பயிற்றத் தொடங்கியிருந்தது. அதை முன்னெடுத்த எவிடா ஃபெர்னாண்டஸ் தானே மகப்பேறு மருத்துவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மருத்துவரே முன்வந்தால்தான் இது நகர்கிறது. 2017-இல் மாநில அரசும் யுனிசெஃபும் அந்த மருத்துவமனையும் சேர்ந்து கரீம்நகரில் அரசுச் செவிலியர் 30 பேருக்குப் பயிற்சியைத் தொடங்கின. மத்திய அரசின் நெறிமுறைகள் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

உலக அளவிலும் சான்று உண்டு. 15 ஆய்வுகள், 17,674 பெண்கள் என்று ஒன்றுதிரட்டி 2016-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வைப் பாருங்கள். கர்ப்பம் முதல் பிரசவம் வரை மருத்துவச்சியே தொடர்ந்து பார்த்த பெண்களுக்கு வெட்டும், ஆயுதம் வைத்து எடுப்பதும், குறைமாதப் பிரசவமும் குறைவாக இருந்தன. அந்த ஆய்வுகள் நடந்தது வசதியுள்ள நாடுகளில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வார்டுக் கூட்டத்தில் அதே பலன் அப்படியே கிடைத்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் வசதி வருவதற்கு முன்பே சாதித்த ஒரு நாடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இலங்கை. 1930-களில் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரம் தாய்மார்வரை இறந்தார்கள். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு பிறகு தீவெங்கும் பரவியது. ஒவ்வொரு பகுதிக்கும் பயிற்சிபெற்ற ஒரு குடும்பநல மருத்துவமாது, அவரை மேற்பார்வையிட ஒருவர், சிக்கலானால் அனுப்ப ஓர் ஆஸ்பத்திரி. முதலில் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகள் பெருகியதும் பிரசவம் அங்கே போனது. மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டுப்படியை விட்டுப் போகவில்லை. இடையில் போர் வந்தது, சுனாமி வந்தது, பொருளாதாரம் சரிந்தது. தாய்மார் இறப்பு எண்ணிக்கை இன்று லட்சத்துக்குச் சில பத்துகளில் நிற்கிறது. வடகிழக்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மகள் மருத்துவமாதுப் பயிற்சிக்குத் தேர்வானால் அது அரச உத்தியோகம், வீட்டில் மகிழ்ச்சி. நம் ஊரில் “ஆயா வேலையா?” என்று கேட்கிறோம்.

வருகிறவர் கேட்க வேண்டியவை

நம் ஊரிலும் அந்த மரியாதை வர வேண்டுமானால் சம்பளமும் பதவியும் அதிகாரமும் கூடவே வர வேண்டும். பதினெட்டு மாதம் செலவழித்துப் படித்தவரை ஆள் பற்றாக்குறை என்று காய்ச்சல் வார்டுக்கு மாற்றினால், அவர் கையில் வந்த தேர்ச்சி ஆறே மாதத்தில் போய்விடும். அவருக்கென்று தனிப் பணிநிலை இல்லாவிட்டால் பதவி உயர்வும் கிடையாது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் பெயரளவில் இரண்டு தொழில்களையும் அருகருகே வைத்திருக்கிறது. அந்தப் பெயர் வார்டு வரை வந்து சேர வேண்டும்.

மருத்துவர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. மருத்துவச்சி தவறவிட்ட ஒரு பெண் நள்ளிரவில் உயிருக்குப் போராடியபடி தியேட்டருக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? அதனால்தான் மருத்துவச்சிகளின் பிரிவு மருத்துவமனைக்குள்ளேயே, அறுவை அரங்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். எந்த நிலையில் பொறுப்பை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவச்சி கூப்பிட்டவுடன் “இதுக்கா எழுப்பினே?” என்று கேட்காமல் எழுந்து வரும் மருத்துவரும் வேண்டும்.

ஆகவே, இதைப் படிக்கும் செவிலியர் யாராவது இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைத்திருந்தால், தயங்காமல் போங்கள் என்றே சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் பயிற்சி நிலையத்தில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். இங்கே நான் என் கையால் எத்தனை பிரசவம் பார்ப்பேன்? சொல்லிக் கொடுப்பவர் இன்றும் பிரசவம் பார்க்கிறவரா, புத்தகத்தோடு நின்றுவிட்டவரா? பெண் விரும்பினால் அவள் அம்மாவோ கணவனோ அறைக்குள் வர விடுவீர்களா? முந்தைய அணியில் படித்து முடித்தவர்கள் இன்று எந்த வார்டில் வேலை பார்க்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை விண்ணப்பத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அந்த வார்டுக்கு நேரில் போய், அவர்களில் ஒருவரோடு ஓர் இரவுப் பணி முழுக்க உடனிருக்க அனுமதி கேளுங்கள்.